ஸ்னோடிராப் பார்க்க எந்தத் தோட்டத்துக்குப் போகலாம்?

ஜனவரி பாதி தாண்டிவிட்டால் போதும், எங்கள் ஆஸ்பத்திரித் தமிழ் நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்: "அக்கா, ஸ்னோடிராப் பார்க்க எங்க போகலாம்?" ஸ்னோடிராப் என்பது இங்கே குளிர்காலக் கடைசியில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூ. கேட்பவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்த பிள்ளைகள். அக்டோபரிலோ நவம்பரிலோ கேம்பிரிட்ஜில் வந்து இறங்கி, இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்பி, இரண்டு மூன்று மாதமாக வெயிலையே சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே பதில் எழுதுவதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. பூ என்றால் தோவாளைச் சந்தையில் மூட்டைமூட்டையாகப் பார்த்து வளர்ந்தவள். ஒற்றைப் பூவுக்காக ஈர மண்ணில் முழங்கால் போட்டு உட்காரக் கற்றுக்கொண்டது இந்த ஊரில்தான்.

விளம்பரங்களில் "லட்சக்கணக்கான பூக்கள்" என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத் தோட்டத்தை முடிவு செய்யாதீர்கள். எத்தனை லட்சம் இருந்தாலும், கயிறு கட்டி இருபது அடி தள்ளி நிறுத்திவிட்டால் வெள்ளையாக ஏதோ விரிந்துகிடக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஸ்னோடிராப் பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்குள் நின்றுவிடும் செடி. பூவோ தலைகீழாகத் தொங்கும். அதில் பார்க்க வேண்டியது பாதிக்கு மேல் உள்பக்கம்தான் இருக்கிறது. ஆகவே பாதை பூவுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, அந்தப் பூ அந்த மண்ணுக்கு எப்படி வந்தது என்பது. இது இங்கிலாந்தின் சொந்தப் பூ என்றே இங்குள்ளவர்கள் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தோட்டங்களில் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இருந்திருக்கிறது. காட்டில் தானாக வளர்வதாக முதன்முதலில் பதிவானது 1778-இல்தான். அதனால் இந்த நாட்டில் எங்கே ஸ்னோடிராப் பூத்தாலும், ஆதியில் யாரோ ஒருவர் கிழங்கைக் கொண்டுவந்து ஊன்றியிருக்கிறார் என்றே நான் நினைத்துக்கொள்வேன். அந்த ஆள் யார் என்று தெரிந்த தோட்டங்களைத் தேடிப் போவதில் எனக்குத் தனி விருப்பம். ஒருவர் ஆசை ஆசையாகச் சேர்த்த தோட்டத்துக்கும், கூட்டம் சேர்க்க நேற்று நட்ட தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் நுழைந்தவுடனே தெரியும். பழைய தோட்டத்தில் பூ வரிசை கட்டி நிற்காது. தூர் கட்டி, தூரிலிருந்து பிரிந்து, மர வேர்களுக்கு நடுவில், ஓடைக் கரையில், சுவர் ஓரத்தில் என்று இஷ்டத்துக்குப் பரவியிருக்கும். விதையோடு கொழுப்புச் சத்துள்ள சின்னச் சதை ஒன்று ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காகவே விதையை இழுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் போட்டுவிடும். அப்படி விழுந்த விதை முளைத்துப் பூக்க மூன்று நான்கு வருஷமாவது ஆகும். ஒரு காடு முழுக்க வெள்ளையாக வேண்டுமென்றால் தலைமுறைகள் வேண்டும்.

சரி, இடத்துக்கு வருவதற்கு முன்னால் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், "என்னக்கா, எல்லாம் மூடிக் கிடந்துச்சு" என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. வெயில் இல்லாமல் குளிராக இருந்தால் ஸ்னோடிராப் விரியாது, வெள்ளைச் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சுமார் 10 டிகிரி வந்து கொஞ்சம் வெயிலும் பட்டால் வெளியிதழ் மூன்றும் அகலமாகத் தூக்கிக்கொள்ளும். அப்போதுதான் தேன் மணமும் வரும், குளிரில் வெளியே வந்த தேனீயும் வரும். உறைபனி விழுந்த காலையில் செடி தரையோடு படுத்துவிடும். பார்த்தால் செத்துவிட்டது போலிருக்கும்; வெயில் ஏறியதும் எழுந்து நிற்கும். ஆகவே விடியற்காலையில் போய்ப் பயனில்லை. பதினொரு மணியிலிருந்து இரண்டரை மணிக்குள் தோட்டத்துக்குள் இருப்பது போலக் கிளம்புங்கள். கேம்பிரிட்ஜ் பக்கம் பிப்ரவரி நடு வாரங்கள் நல்ல பருவம். மேற்கேயும் தெற்கேயும் கொஞ்சம் முந்தலாம். ஸ்காட்லாந்தில் மார்ச் தொடக்கம் வரைக்கும் இருக்கும். பருவம் வருஷத்துக்கு வருஷம் முன்பின் ஆவதால், கிளம்புவதற்கு முதல் நாள் அந்தத் தோட்டத்தின் இணையதளத்தைப் பாருங்கள். காற்று பலமாக இருந்தால் மரம் விழும் என்று பயந்து மூடிவிடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறை வாரத்தில் கூட்டம் நெரியும். நமக்கு வார நாளில் ஆஃப் கிடைக்கிற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நைட் டியூட்டி முடித்த கையோடு மட்டும் காரை எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து போங்கள், பூ எங்கேயும் ஓடிவிடாது.

இனி இடங்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில், லோடு என்ற கிராமத்தில் ஆங்கிள்சி ஆபி இருக்கிறது. பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் வசம் உள்ள வீடும் தோட்டமும். லார்ட் ஃபேர்ஹேவன் 1926-இல் வாங்கி, வாழ்நாள் முழுக்கத் தோட்டம் போட்டு, 1966-இல் டிரஸ்டுக்கு விட்டுப்போனார். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். காரணம், அங்கே குளிர்கால நடைபாதை என்றே ஒன்று தனியாக இருக்கிறது. சிவப்புத் தண்டு டாக்வுட், மஞ்சள் விட்ச் ஹேசல், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் மூக்கைத் துளைக்கும் சார்கோகாக்கா வாசனை எல்லாம் ஒவ்வொன்றாக வரும். வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையின் முடிவில் பால் வெள்ளைத் தண்டுகளோடு இமயமலை பிர்ச் மரங்கள் நெருக்கமாக நிற்கும். பாதை சமமானது, வீல்சேர் நன்றாக உருளும். ஸ்னோடிராப் அங்கே நூற்றுக்கணக்கான வகை. நெடுங்காலம் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ரிச்சர்ட் எயர்ஸ் பெயரில் அடுக்கு ஸ்னோடிராப் ஒன்று உண்டு, அந்தத் தோட்டத்திலேயே கண்டெடுத்தது. நம் ஊர் அடுக்கு மல்லியைக் கட்டிப் பழகிய விரல்களுக்கு அந்தப் பூவைப் பார்த்தால் தொட்டுப்பார்க்கத் தோன்றும்.

அம்மா இங்கே வந்திருந்தபோது வீல்சேரில் வைத்து அங்கேதான் கூட்டிப்போனேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தவள், "இது என்னத்துக்கு மக்களே இப்படித் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது?" என்று கேட்டாள். மழையிலும் பனியிலும் மகரந்தம் நனையாமல் இருக்கத்தான் என்று சொல்லி, கைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடியைப் பூவுக்கு அடியில் பிடித்துக் காட்டினேன். இந்தப் பூவில் பித்துப் பிடித்தவர்கள் குச்சி நுனியில் கண்ணாடி கட்டிக்கொண்டு வருவார்கள். நமக்குப் பவுடர் டப்பாக் கண்ணாடி போதும். வெளியே மூன்று இதழ், நீளமாக, சுத்த வெள்ளை. உள்ளே மூன்று, பாதி உயரம்தான் இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாக நிற்கும். அந்த உள்ளிதழின் நுனியில் சின்னதாகப் பிளவு, பிளவைச் சுற்றிப் பச்சை நிறத்தில் கவிழ்ந்த 'ப' மாதிரி ஒரு குறி. கண்ணாடியில் பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் பச்சைக் கோடுகள் மேலே ஓடுவது தெரியும், நடுவில் ஆரஞ்சு மஞ்சளில் ஆறு மகரந்தக் கூர்கள். அம்மா கண்ணாடியை வாங்கிக்கொண்டு அப்புறம் என்னிடம் திருப்பித் தரவே இல்லை. ஒவ்வொரு தூர் பக்கத்திலும் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

பூவைக் கண்ணாடியில் பார்த்தது போல இலையையும் பாருங்கள். பொதுவாக எங்கும் இருக்கும் நிவாலிஸ் இனத்துக்குச் சன்னமான சாம்பல் பச்சை இலை. எல்வீசி இனத்துக்கு அகலமான இலை, ஒன்றை ஒன்று அடியில் அணைத்தபடி வரும்; உள்ளிதழில் பெரும்பாலும் இரண்டு பச்சைக் குறி. பிளிக்காட்டஸ் என்றால் இலையின் ஓரம் பின்பக்கமாக மடிந்திருக்கும். வொரோனோவி இலை பளபளவென்று கரும்பு இலைப் பச்சையில் இருக்கும். இந்த நாலு தெரிந்துவிட்டால் பெயர்ப்பலகை இல்லாத தோட்டத்திலும் பொழுது போவது தெரியாது.

நான் விடாமல் போகும் இடம் வால்சிங்ஹாம். நார்ஃபோக்கில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பலருக்கு இந்த ஊர் தெரியும்; ஜூலையில் லண்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூடி மாதா திருப்பயணம் போகிறோமே, அதே ஊர்தான். வெயிலில் கூட்டத்தோடு செபமாலை சொல்லி நடந்தவர்கள், அதே ஊரைப் பிப்ரவரியில் ஒரு தடவை வந்து பாருங்கள். 1061-இல் ரிச்செல்டிஸ் என்ற பெண்மணிக்கு மாதா காட்சி கொடுத்ததாக மரபு. பிறகு எழுந்த பெரிய துறவற மடத்தை 1538-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மூடி இடித்தார்கள். கிழக்குச் சுவரின் ஒற்றைப் பெரிய வளைவு மட்டும் இன்றைக்கும் புல்வெளியில் தனியாக நிற்கிறது. அந்த இடிபாடுகளைத் தாண்டிப் போனால் ஸ்டிஃப்கி என்ற சின்ன ஆறு, ஆற்றுக்கு அப்பால் காடு. காடு முழுக்க ஸ்னோடிராப். மரத்தில் ஒரு இலை இருக்காது, தரையில் ஒரு அடி மண் தெரியாது. பாதை பூவுக்கு நடுவிலேயே போகிறது; குனிந்தால் போதும். நுழைவுக் கட்டணம் உண்டு, நாய்க்கும் அனுமதி உண்டு, சேறும் உண்டு.

பிப்ரவரி 2 நமக்கு ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள். சிறுவயதில் அன்றைக்குத்தான் கோவிலில் மெழுகுதிரி மந்திரித்து வாங்கிக்கொண்டு வருவோம். இங்கே ஸ்னோடிராப்பை அந்தத் திருநாளின் பூ என்றே பழைய காலத்தில் கொண்டாடியிருக்கிறார்கள். மடங்கள் இருந்த இடங்களிலும் பழைய கோவில்களைச் சுற்றியும் இது இவ்வளவு பூப்பதால், துறவிகள்தான் கொண்டுவந்து நட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எழுத்தில் சான்று இல்லை. ஆனாலும் வால்சிங்ஹாம் காட்டில் நிற்கும்போது நான் அதை நம்பத்தான் செய்கிறேன். அங்கிருந்து ஒரு மைல் தூரத்தில் செருப்புச் சிற்றாலயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் திருப்பயணிகள் அங்கே காலணியைக் கழற்றிவிட்டு கடைசி மைலை வெறுங்காலோடு நடந்தார்கள் என்பார்கள். பிப்ரவரியில் அதெல்லாம் முயற்சி செய்ய வேண்டாம். ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பூட்ஸோடு நடந்து வாருங்கள்.

கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் கிளாஸ்டர்ஷரில் கோல்ஸ்போர்ன் பார்க். கேம்பிரிட்ஜிலிருந்து இரண்டரை மணி நேரமாவது ஆகும். ஹென்றி ஜான் எல்விஸ் என்பவர் 1874-இல் துருக்கியில், அன்றைய ஸ்மிர்னாவுக்கு அருகே மலையில் பெரிய பூவோடு ஒரு ஸ்னோடிராப்பைக் கண்டார். மேலே நான் சொன்ன எல்வீசி இனம் அவர் பெயரில் அமைந்ததுதான். அவருடைய வீட்டுத் தோட்டம் இது. அவர் இறந்தபின் நெடுங்காலம் கவனிப்பாரில்லாமல் கிடந்ததை, கொள்ளுப்பேரன் குடும்பம் தூர் தூராகப் பிரித்து நட்டு மீட்டிருக்கிறது. அங்கே உள்ள ஏரி விசித்திரமான நீல நிறம். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்தான் காரணம். அந்த நீலத்துக்கு மேலே சரிவு முழுக்க வெள்ளை. வகை வகையாகப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள் என்பதால், எது எது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. பருவத்தில் சில நாட்கள்தான் திறக்கிறார்கள். தேதி பார்த்துப் போக வேண்டும்.

அதே மாவட்டத்தில் பெயின்ஸ்விக் ரொக்கோக்கோ தோட்டம். காடாகிப் போயிருந்த தோட்டத்தை, 1748-இல் தாமஸ் ராபின்ஸ் வரைந்த ஓவியத்தை வைத்துக்கொண்டு 1984 முதல் மறுபடி அமைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் அட்கின்ஸ் என்ற ஸ்னோடிராப் வளர்ப்பாளர் அந்த எஸ்டேட் வீடு ஒன்றில் குடியிருந்தார். அவர் பெயர் கொண்ட அட்கின்சி அங்கே சரிவெல்லாம் பெருகிக் கிடக்கிறது. உயரமான, நீளச் சொட்டுப் பூ, மற்றவற்றுக்கு முன்னாலேயே பூத்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். குளிர்காலப் பகல் அவ்வளவு நீளம் இல்லை, இரண்டாவது தோட்டத்துக்குப் போகும்போது பூ மூட ஆரம்பித்திருக்கும்.

லண்டன்காரர்களுக்கு என்ஃபீல்டில் மிடில்டன் ஹவுஸ். நுழைவு இலவசம், டர்க்கி ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம். ஈ. ஏ. போல்ஸ் என்ற மனிதர் 1865-இல் பிறந்து 1954 வரை, வாழ்நாள் முழுக்க வாழ்ந்த வீடு அது. குரோக்கஸும் ஸ்னோடிராப்பும் அவருக்கு உயிர். ஜனவரி கடைசி வாக்கில் அங்கே நடக்கும் ஸ்னோடிராப் விற்பனைக்கு ஐரோப்பாவிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷரில் பெனிங்டன் லார்ட்ஷிப்பும் லண்டனுக்குப் பக்கம்தான். நார்மன் காலக் கோட்டை இடிபாடும் அகழிச் சரிவும் வெள்ளையாக இருக்கும். செல்சீ ஃபிசிக் கார்டன் சின்ன இடம், 1673-இல் தொடங்கிய மூலிகைத் தோட்டம், ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பிடிக்கும்.

பெரிய பெயர்களை எல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு நிஜமாகவே மனசு நிறைந்தது சின்னத் தோட்டங்களில்தான். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: நேஷனல் கார்டன் ஸ்கீம். சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தை வருஷத்தில் சில நாட்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, கிடைக்கும் கட்டணத்தை நன்கொடையாகக் கொடுக்கும் திட்டம். இது எப்படித் தொடங்கியது தெரியுமா? நமக்காகத்தான், நர்ஸுகளுக்காக. வீடு வீடாகப் போய் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த மாவட்டச் செவிலியர்களுக்குப் பணம் திரட்ட, எல்சி வாக் என்ற பெண்மணி 1926-இல் சொன்ன யோசனை. அடுத்த வருஷம், 1927-இல், 609 தோட்டங்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்தன. 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இன்றைக்கும் அந்தப் பணம் செவிலியர்களுக்கான அமைப்புக்கும், மேக்மில்லன், மேரி கியூரி போன்ற நோயாளிப் பராமரிப்பு அமைப்புகளுக்கும் போகிறது. மேரி கியூரி நர்ஸ்கள் இரவில் வந்து நின்றதால் கடைசி நாட்களை வீட்டிலேயே கழித்த நோயாளிகளை நமக்குத் தெரியும். அங்கே நாலைந்து பவுண்ட் கொடுத்து உள்ளே போகும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

அவர்களுடைய இணையதளத்தில் பிப்ரவரி மாதத்துக்கு ஸ்னோடிராப் தோட்டங்களைத் தனியாகவே பட்டியல் போடுகிறார்கள். மாவட்டத்தையும் தேதியையும் கொடுத்தால் வரைபடத்தில் வரும். சாலையில் மஞ்சள் அறிவிப்பு வைத்திருப்பார்கள், அதைப் பின்தொடர்ந்தால் போதும். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு இதே போல் வேறொரு அமைப்பு, 1931 முதல் நடக்கிறது. ஸ்காட்லாந்து என்றதும் ஃபைஃபில் உள்ள கேம்போ எஸ்டேட் ஞாபகம் வருகிறது. ஓடையோடு காட்டுக்குள் நடந்தால் பாதை கடலில் போய் முடியும்.

கேம்பிரிட்ஜ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இப்படித் திறந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். காரேஜில் மேஜை போட்டு டீயும் கேக்கும். வீட்டுக்கார அம்மாளுக்கு எண்பதை நெருங்கும் வயது. மாமியார் கொடுத்த ஒரு கைப்பிடிக் கிழங்கில் ஆரம்பித்ததாகச் சொன்னார். இப்போது ஆப்பிள் மரங்களுக்கு அடியில் தரை தெரியவில்லை. எப்படிப் பெருக்கினீர்கள் என்று கேட்டதும் சிறிய மண்கொத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பூத்து முடிந்த ஒரு தூரைச் சுற்றிலும் ஆழமாகக் கொத்தி, மண்ணோடு தூக்கி, மண்ணை உதிர்த்தார். உள்ளே சின்ன வெங்காயம் போல நெருக்கி நெருக்கி முப்பது நாற்பது கிழங்கு. வேர் அறுந்துவிடாமல் விரலாலேயே மெதுவாகப் பிரித்து, இரண்டு மூன்றாகச் சேர்த்து வேறு குழியில் வைத்தார். தண்டின் அடியில் வெள்ளை முடிந்து பச்சை ஆரம்பிக்கும் கோடு இருக்கிறதே, அதுதான் மண் மட்டம். அந்த ஆழத்துக்கே வைக்க வேண்டும் என்றார். இலை பச்சையாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், கோடையில் காய்ந்த கிழங்கை வாங்கி நட்டால் பாதி பிழைக்காது. மேலே மக்கிய இலையைத் தூவி, தண்ணீர் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு டீ குடிக்கிறாயா என்று கேட்டார். எத்தனை எஸ்டேட் பார்த்தாலும் இது கிடைக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது, நம் வார்டில். வயதானவர்களிடம் கேளுங்கள். எந்தக் கிராமத்துச் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் நன்றாகப் பூக்கும், எந்த வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். பெயர்ப்பலகையும் கட்டணமும் இல்லாத அந்த இடங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை, அந்தந்த ஊர்க்காரர்களிடமே கேட்டுப் போங்கள். மறதி நோய்க்கு நாம் கொடுக்கும் கேலன்டமின் மாத்திரை இருக்கிறதல்லவா, அந்த மருந்துப்பொருளை 1950களில் முதலில் பிரித்தெடுத்தது காக்கசஸ் மலை ஸ்னோடிராப்பிலிருந்துதான். பிற்பாடு டாஃபடில் கிழங்கிலிருந்தும் எடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குப் பூ ஞாபகம் வரும். ஆனால் செடியை அப்படியே வாயில் வைத்தால் நஞ்சு, கிழங்கு குறிப்பாக. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனமாக இருங்கள்.

பிடுங்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் காட்டுச் செடியை வேரோடு எடுப்பது 1981-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அபூர்வ வகைகளுக்கு இருக்கும் விலையும் சாதாரணமில்லை: மஞ்சள் சூலகம் உள்ள 'எலிசபெத் ஹாரிசன்' ஒற்றைக் கிழங்கு 2012-இல் 725 பவுண்டுக்குப் போனது, 2015-இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுண்டுக்கு. திருட்டும் நடக்கிறது. சில தோட்டங்கள் விலை உயர்ந்த வகைகளைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருப்பது அதனால்தான். காட்டவில்லை என்று வருத்தப்படாதீர்கள். ஒரு காலத்தில் துருக்கி மலைகளிலிருந்து கிழங்கை வெட்டி வெட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1990 முதல் எல்லா ஸ்னோடிராப் இனங்களும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. வாங்க ஆசை என்றால் தோட்டத்து மேஜையிலேயே தொட்டியில் வைத்து விற்பார்கள், அங்கே வாங்குங்கள். முதலில் வாங்க வேண்டியது 'எஸ். ஆர்னட்'. பெரிய பூ, நல்ல தேன் மணம், சீக்கிரம் தூர் கட்டும், விலையும் கைக்கு எட்டும். காற்றில் ஆடுவது பிடிக்கும் என்றால் 'மேக்னட்'; அதன் காம்பு நீளம், லேசான காற்றுக்கே சுற்றிச் சுற்றி ஆடும். பால்கனித் தொட்டியில் வைத்தால் கோடையில் மண் காய்ந்து போகாமல் நிழலில் வைத்துவிடுங்கள்.

அந்த 'மேக்னட்' வகையை உருவாக்கியவர் சாமர்செட்டில் ஷெப்டன் மாலெட் ஊரில் வாழ்ந்த ஜேம்ஸ் ஆலன். ஸ்னோடிராப் ராஜா என்றே அந்தக் காலத்தில் பெயர். ஊர்க்காரர்கள் இப்போது அவரை ஞாபகம் வைத்துத் தெருவெல்லாம் ஸ்னோடிராப் நட்டு, பிப்ரவரியில் விழா எடுக்கிறார்கள். அங்கிருந்து போகக்கூடிய தூரத்தில் ஈஸ்ட் லாம்புரூக் மேனர், மார்ஜரி ஃபிஷ் போட்ட தோட்டம். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, இரண்டு கரையிலும் ஸ்னோடிராப் நட்டிருக்கிறார். பள்ளத்துக்குள் இறங்கி நடந்தால் பூ நம் கண்ணுக்கு நேராக வந்துவிடும், குனியவும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். இந்தத் தடவை ஷெப்டன் மாலெட்டில் ஒரு ராத்திரி தங்கி இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். ரோட்டா (டியூட்டி அட்டவணை) வந்ததும் தேதி சொல்கிறேன். கூட வருகிறவர்கள் குழுவில் பெயர் போடுங்கள். நல்ல பூட்ஸ் இல்லாதவர்கள் இப்போதே வாங்கிவிடுங்கள்.